நிலமும் பொழுதும்: போடி மலைச்சரிவின் ஓடைகளும் அவற்றை வரைந்த படங்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடிய அவையில் நில அளவைப் படங்களைப் பற்றிய உரை எதற்கு என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். அதற்குரிய விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அகப்பாடலுக்கு அடித்தளமாக அந்நூல் வகுத்த முதற்பொருள், நிலம், பொழுது என்னும் இரண்டாலும் ஆனது. கருவும் உரியும் அதன் பின்னரே வருகின்றன. பாட்டுக்கு நிலம் அடிப்படை என்றால், அந்நிலத்தை எவ்வாறு அறிவது, எவ்வாறு எழுதி வைப்பது என்பது பாவலரின் கவலையும் ஆகும். போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் மலைச்சரிவும், அதில் ஓடியும் வற்றியும் கிடக்கும் ஓடைகளும் இருநூறு ஆண்டுகளாக எவ்வாறு படமாக்கப்பட்டன, அப்படங்கள் எதைக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்பதே இவ்வுரையின் பொருள்.

தாள்களின் விளிம்பில் ஓர் ஊர்

இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்கு ஓர் எண் கொடுத்து, இடவிளக்கப் படங்களை அச்சிட்டது. தாளில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 500 மீட்டரைக் குறிக்கும் 1:50,000 அளவைத் தாள்களே அவற்றுள் பெரிதும் பயன்பட்டவை. ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் கால் பாகை, தீர்க்கரேகையில் கால் பாகை கொண்ட பரப்பை அடக்கும். பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பத்துப் பாகை வட அட்சரேகை போடி நகருக்குச் சற்றே தெற்கில் செல்கிறது. ஆதலால் நகரம் 58 எஃப்/8 என்னும் தாளின் கீழ் விளிம்பில் அமைந்தது. தெற்கே தேவாரம் 58 ஜி/5 என்னும் தாளுக்குப் போயிற்று. மேற்கே கொழுக்குமலை முகடு 58 எஃப்/4 என்னும் மூன்றாம் தாளில் நிற்கிறது. ஓர் ஊரின் மலையையும் வயலையும் ஓடையையும் ஒருசேரக் காண விரும்புவோர் மூன்று தாள்களை ஒட்டிவைத்தே காண வேண்டும்.

ஒட்டிய தாளில் முதலில் கண்ணில் படுவது பழுப்பு நிறம். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் அவை. இருபது மீட்டருக்கு ஒரு கோடு. சமவெளியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தாராளமாக இடம் இருக்கும். முந்தலைத் தாண்டியதும் அவை நெருங்கி, வாரிய கூந்தல் போல் அடர்ந்துவிடுகின்றன. ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு ஐம்பது கோடுகள் வேண்டும். போடி மெட்டுச் சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிக் கடக்கும் உயரம் ஏறத்தாழ அவ்வளவே. இக்கோடுகளைப் படிக்கப் பழகியவர்க்கு மலை தாளிலேயே எழுந்து நிற்கும். கோடு மலையை நோக்கி உள்வாங்கி வளைந்தால் அங்கே பள்ளம். சமவெளியை நோக்கிப் புடைத்து வளைந்தால் அங்கே மலைத்தோள். பள்ளம்தோறும் நீர் இறங்கும் என்பது இயற்கையின் இலக்கணம்.

அவ்வாறு நீர் இறங்கும் வழிகளை இத்தாள்கள் இரு நிறங்களில் எழுதுகின்றன. ஆண்டு முழுவதும் நீர் உள்ளது நீலம். வறண்டு கிடப்பது கருப்பு. மழை மறைவுப் பகுதியாகிய இச்சரிவில் சிற்றோடைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் கருப்பே. அதுவும் எல்லா ஓடைக்கும் வாய்ப்பதில்லை. ஐந்து மீட்டர் அகலமுள்ள ஓடை இத்தாளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். கோட்டின் கனத்துக்கும் குறைவானதைக் கோடாக வரைய வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதை வரைபவர் முடிவு செய்தார். ஓர் ஓடை இருப்பதும் இல்லாததும் அந்த முடிவைப் பொறுத்தது.

கால்நடையாக வந்த அளவை

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கருகில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் விரிந்ததே இந்தியப் பெரு முக்கோண அளவை. குன்றின் உச்சியிலும் கோயில் கோபுரத்திலும் நின்று, தியோடலைட் கருவியால் கோணங்களை அளந்து, தொலைவுகளைக் கணக்கிட்டனர். முக்கோண அளவை எலும்புக்கூட்டைத் தந்தது. அதன்மேல் சதையும் தோலும் போர்த்தும் பணியைத் தனித்தனி வட்டாரங்களில் இறங்கிய அளவையாளர்கள் செய்தனர்.

ஏலமலையின் மேற்குப் புறத்துக்கு அவ்வாறு வந்தவர்கள் பெஞ்சமின் வார்டு, பீட்டர் கானர் என்னும் இருவர். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் நிலத்தை அவர்கள் அளந்து, ஊர், காடு, ஆறு, வழி, குடிகள், விளைபொருள் ஆகியவற்றை விளக்கும் நினைவுக்குறிப்பையும் எழுதினர். 1821இல் வார்டு பழனி மலைமீது ஏறி அளந்தார். கோடைக்கானலின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் அந்த ஏற்றத்திலிருந்தே தொடங்கப்படுகிறது. அக்கால அளவையாளரின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று, முக்காலியின் மேல் பொருத்திய ஒரு பலகை. அதன்மேல் தாளை ஒட்டி, பார்வைக் கோலை வைத்துத் தொலைவில் தெரியும் முகட்டை நோக்கிக் கோடிழுப்பர். வேறோரிடத்திலிருந்து அதே முகட்டை நோக்கி மற்றொரு கோடிழுப்பர். இரண்டும் வெட்டும் புள்ளியே முகடு. கண்ணுக்குத் தெரிந்தவை அனைத்தும் இம்முறையில் தாளில் ஏறின.

கண்ணுக்குத் தெரியாதவை? மலையிடுக்கும் அடர்காடும் மூடிய பள்ளமும் பார்வைக் கோலுக்கு எட்டா. அங்கே வழிகாட்டியவர்கள் மலையில் வாழ்ந்த மக்கள். முதுவரும் மன்னாரும் பளியரும் அறிந்த தடங்களே சுமைதூக்கிகளின் பாதைகளாயின. எந்த ஓடையைத் தாண்டினால் எந்த முகடு வரும், எந்தச் சுனையில் கோடையிலும் நீர் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு தாளில் கோடாயிற்று. அதைச் சொன்னவரின் பெயர் தாளில் இல்லை. அளவையாளர் மலையில் இறங்குவதற்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்து மூடுபனி விலகும் காலம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். முகடுகள் தெளிவாகத் தெரியும் அந்த நாட்களில்தான் ஓடைகள் வறண்டிருக்கும். மலையின் நல்ல முகம் தெரியும் பருவமும் ஓடையின் நல்ல முகம் தெரியும் பருவமும் ஒன்றல்ல. படத்தின் குறை அங்கேயே பிறந்துவிட்டது.

எனினும் இம்மண்ணின் வாழ்வை மாற்றியவை இத்தகைய அளவைகளே என்பதை மறுப்பதற்கில்லை. மேற்கே ஓடிக் கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789 அளவிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளையிடம் இருந்தது. 1808இல் ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் அது நடவாத செயல் என்று கைவிட்டார். முகடு எங்கே தாழ்கிறது, மலையின் இருபுறத்திலும் மட்டம் எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்குகள் பின்னர் வந்த பொறியாளர் கைகளில் மெல்ல மெல்லத் துல்லியமாயின. ஜான் பென்னிகுயிக்கின் திட்டப்படி 1887இல் தொடங்கிய அணை 1895இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் வழியே வந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலாக்கியது. ஒரு மலையின் உயரங்களைச் சரியாக எழுதியதன் விளைவாக ஓர் ஆறு திசை மாறியது என்றால், எழுதுவதன் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஓடும் நாளும் ஓடா நாளும்

போடி மலையின் ஓடைகள் ஏன் வற்றுகின்றன? பாறை அங்கே மேலே தெரியும்படி நிற்கிறது. அதன்மேல் உள்ள மண் பல இடங்களில் மெல்லிய போர்வையே. சரிவு செங்குத்து. பெய்த மழை தங்குவதற்கு இடமின்றிச் சில நாழிகையில் இறங்கிவிடும். அடிவாரத்தை அடைந்ததும் உருண்டைக் கற்களும் பருமணலும் குவிந்த படுகைக்குள் புகுந்து மறைந்துவிடும். மேலே வறண்ட மணல். கீழே நடக்கும் நீர். சற்றுத் தள்ளி ஊற்றாகவோ கிணற்று நீராகவோ அது மீண்டும் தோன்றும்.

பொழுதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் புறத்தில் கொட்டித் தீர்த்து, முகட்டைத் தாண்டிச் சாரலும் மூடுபனியுமாகச் சிறிதளவே இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வந்து இச்சரிவில் மோதும். ஆகவே முகட்டையொட்டிப் பிறக்கும் ஓடைக்கு ஆனி ஆடியிலும் சிறிது நீர் உண்டு. இடைச்சரிவில் பிறக்கும் ஓடைக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே வாழ்வு. சித்திரையில் இடியுடன் கொட்டும் கோடை மழைக்கு ஒரு பிற்பகல் மட்டும் ஓடும் ஓடைகளும் உண்டு. இவை யாவற்றையும் கூட்டிக்கொண்டு கொட்டகுடி ஆறு போடியைக் கடந்து தேனிப் பக்கம் சென்று, வையையின் நீராகிறது.

ஒரு பிற்பகல் ஓடும் ஓடைக்கும் ஆறு மாதம் ஓடும் ஓடைக்கும் தாளில் ஒரே கருங்கோடு. இக்குறை இந்தியத் தாளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில், மொன்டானாப் புல்வெளி திடீரென்று உடைந்து பள்ளமும் கரடுமாக ஆற்றை நோக்கி இறங்கும் நிலம் ஒன்றுண்டு. உடைநிலம் என்ற பொருளிலேயே அங்கு அதனை வழங்குகின்றனர். அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை அங்குள்ள இடைவிட்டு ஓடும் ஓடைகளுக்கென்றே தனிக்குறி வைத்தது. ஒரு சிறு கோடு, மூன்று புள்ளி, மீண்டும் ஒரு சிறு கோடு என நீல நிறத்தில் அவை செல்லும். வற்றிய ஓடைக்கு நீலத்தை மறுக்காமல், அதே வேளையில் இது தொடர்ந்து ஓடுவதன்று என்று சொல்லும் குறி அது. கருப்பு மையால் வறட்சியைச் சொல்வதைவிட இது ஒரு படி நுட்பமானது. ஆயினும் எந்த மாதம் ஓடும் என்பதை அந்தப் புள்ளிகளும் சொல்லவில்லை.

வானிலிருந்து அளக்கும் காலம் வந்ததும் இக்குறை தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட்கள் புவியைச் சுற்றி, ரேடார் அலைகளால் நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு உயரங்களை அளந்தது. 2005 மே மாதம் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்து உயரத்தைக் கணக்கிட வழிசெய்தது. இன்று ஏறத்தாழ முப்பது மீட்டர்ச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் கிடைக்கிறது. கணிப்பொறி ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களுடன் ஒப்பிட்டு, மிகச் செங்குத்தாக எத்திசையில் சரிகிறதோ அத்திசையில் நீரை அனுப்புகிறது. இவ்வாறு சேர்த்துக்கொண்டே போனால் ஓடைகளின் வலைப்பின்னல் முழுவதும் தானே வரையப்பட்டுவிடும். கிளையற்ற சிற்றோடை முதல் வரிசை, அத்தகைய இரண்டு கூடினால் இரண்டாம் வரிசை எனத் தரம் பிரிக்கவும் முடியும்.

இது வியக்கத்தக்க வளர்ச்சியே. ஆனால் அக்கணக்கு சொல்வது, நீர் வந்தால் எந்த வழியில் போகும் என்பதை மட்டுமே. நீர் வந்ததா என்பதை அது அறியாது. அடர்காட்டில் அது அளந்தது மண்ணையா, மரத்தின் தலையையா என்பதிலும் தடுமாற்றம் உண்டு. செங்குத்துப் பாறையின் நிழலில் ரேடார் அலை எட்டாத இடங்களில் வெற்றிடம் விழுந்து, பின்னர் அக்கம்பக்கத்து எண்களால் நிரப்பப்பட்டது. பார்வைக் கோலுக்கு எட்டாத மலையிடுக்கு, விண்கலத்துக்கும் முழுமையாக எட்டவில்லை.

பெயர்களில் எஞ்சிய நீர்

படம் விட்டதைப் பெயர் காத்து வைத்திருக்கிறது. போடி மெட்டுச் சாலையில் ஏறுவோர் புலியூத்தைக் கடக்கின்றனர். போடிக்கு அருகே மலையடியில் ஊத்தாம்பாறை இருக்கிறது. தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு. மூன்றிலும் ஊற்று இருக்கிறது என்பது கருதத்தக்கது. மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வழி மலைமுகட்டைக் கடக்கும் இடம் மெட்டு. அவ்வழியில் ஏறியவர்க்குக் கால் வலிக்கும் இடத்தில் நீர் கிடைத்தால் அவ்விடம் பெயர் பெற்றது. படம் உயரத்தைக் கொண்டு இடத்தை அறிந்தது. மக்கள் தாகத்தைக் கொண்டு அறிந்தனர்.

மலையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை அடுக்கினால் அதுவே ஓர் இடவிளக்கப் படமாகும். தொடர்ந்து செல்லும் மலைவரிசை அடுக்கம். மலைச் சரிவு சாரல். பாறைப் பிளவு விடர். குகை முழை. பாறைக்குழியில் தங்கிய நீர் சுனை. சமவெளியில் தனித்து நிற்கும் கற்குன்று கரடு. மழைக்குப் பெருகி மழைக்குப் பின் அடங்குவது காட்டாறு. இவற்றுள் பல இன்றும் போடி வட்டாரத்துப் பேச்சில் உயிருடன் உள்ளன. சில, பாட்டில் மட்டும் எஞ்சின. காட்டாறு என்ற ஒரு சொல்லுக்குள் நிலமும் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. இடவிளக்கப் படத்தின் கருங்கோட்டில் முன்னது மட்டுமே உண்டு.

சமவெளிக்கு இறங்கினால் ஓடைக்கு மற்றொரு படம் காத்திருக்கிறது. வருவாய்த் துறையின் கிராமப் படமும் புலப்படமும் நிலத்தின் வடிவத்தைவிட உடைமையைப் பெரிதாகக் காட்டுபவை. அவற்றில் ஓடை என்பது ஓடைப் புறம்போக்கு. அவ்வாறு எழுதப்பட்ட ஓடைக்குச் சட்டத்தின் துணை உண்டு. எழுதப்படாமல் விடுபட்ட ஓடை, பட்டா நிலத்தின் நடுவே கிடக்கும் பள்ளம் மட்டுமே. நான்கு ஆண்டு மழை பொய்த்தால் அப்பள்ளம் சமன் செய்யப்படும். ஐந்தாம் ஆண்டு காட்டாறு தன் வழியைத் தேடி வரும்போது அங்கே வேலியும் வீடும் நிற்கும். பின்பு அதனை வெள்ளச் சேதம் என்று எழுதுகின்றனர். ஓடை தன் வீட்டுக்குத் திரும்பியது என்று எழுதுவார் இல்லை.

எழுதியதன் விலையும் எழுதாததன் விலையும்

எண்ணும் எழுத்தும் படத்துடன் பொருந்தாதபோது விளைவது என்ன என்பதற்கு முகட்டின் மறுபுறத்திலேயே ஒரு சான்று உண்டு. ஏலமலைக் காட்டின் பரப்பு, 1897ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி 15,720 ஏக்கர் என்று ஒரு தரப்பு சொல்கிறது; 2,15,720 ஏக்கர் என்று மற்றொரு தரப்பு சொல்கிறது. முன்னால் நிற்கும் ஓர் இரண்டு என்னும் இலக்கத்தில் இரண்டு இலட்சம் ஏக்கர் அடங்கியிருக்கிறது. நூற்றாண்டு கடந்தும் தீராத இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் செல்லும் தொழிலாளரின் கூலியும், தோட்டம் வைத்திருப்போரின் உரிமையும், சோலைமரங்களின் ஆயுளும் அந்த ஓர் இலக்கத்தின் மீது நிற்கின்றன.

படம் மெய்யாக இருந்தாலும் அது என்றும் மெய்யாக இருப்பதில்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் குறுகிய இருப்புப்பாதை இயங்கியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடி வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. தாளில் தொடர்வண்டிப் பாதை என நின்ற கோடு ஒரே மழைக்காலத்தில் பழங்கதையாயிற்று.

இவற்றினும் பெருந்துயரம் குரங்கணியில் நேர்ந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், மலையேற்றத்துக்கு வந்த இரு குழுவினர் கீழிறங்கும் வழியில் புல்வெளிச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் இளைஞர் பலர். அச்சரிவு தாளில் இருக்கிறது. கோடுகள் நெருங்கியிருப்பதும் தெரிகிறது. பள்ளங்களும் வரையப்பட்டுள்ளன. ஆனால் மாசி பங்குனியில் அப்புல் காய்ந்து தீக்குச்சி போல் நிற்கும் என்பதையும், ஓடைகளில் ஒரு குவளை நீரும் இராது என்பதையும், தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து ஏறும், பள்ளம் அதற்குப் புகைக்கூண்டாகும் என்பதையும் எந்தக் கோடும் சொல்லவில்லை. அம்மலையில் மாடு மேய்த்தவர்க்கு அது தெரியும். தெரிந்தவரின் சொல் படத்தில் ஏறவில்லை. நிலம் இருந்தது, பொழுது இல்லை. முதற்பொருளில் ஒரு பாதியை விட்டுவிட்டு நிலத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இதைவிட வலியுடன் உணர்த்தும் நிகழ்ச்சி இவ்வட்டாரத்தில் இல்லை.

பாவலர் செய்யத்தக்கது

பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டிருந்தது என்பர். இன்று முழுமையாகக் கிடைப்பவை இருபத்திரண்டு. அவற்றுள் எட்டு, வையைக்கு உரியவை. புதுப்புனல் வரும் நாளில் மதுரை மக்கள் திரண்டெழுந்து கொண்டாடிய ஆரவாரம் அவற்றில் நிறைந்திருக்கிறது. வையையின் வெள்ளத்துக்குப் புலவர் வாய்த்தனர். அவ்வெள்ளத்துக்குத் துளித்துளியாகச் சேர்த்துக் கொடுத்த மலையோடைகள் பலவற்றுக்கு ஒரு பெயர்ப்பலகையும் வாய்க்கவில்லை. ஆண்டில் நாற்பது நாள் ஓடுவது ஆறாகாது என்று கருதியதால், அது பாட்டிலும் ஏறவில்லை, படத்திலும் ஏறவில்லை. பாலை என்பது தனி நிலமன்று, வெயிலால் திரிந்த நிலம் என்று கண்ட மரபு தமிழ் மரபு. ஒரே நிலம் பருவத்துக்குப் பருவம் வேறாகும் என்பதை ஏற்ற அம்மரபுக்கு, வற்றி ஓடும் ஓடையைப் புரிந்துகொள்வது எளிதாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வட்டம் தன் இரண்டாம் பத்தாண்டில் எடுத்துச் செய்யத்தக்க பணி ஒன்று இங்கே காத்திருக்கிறது. போடி மலைச்சரிவின் ஓடைகளுக்கு ஒரு பெயரேடு வேண்டும். ஓடைக்கு ஒரு பக்கம். மக்கள் வாயில் வழங்கும் பெயர், அது பிறக்கும் பாறை, சேரும் ஆறு அல்லது கண்மாய், நீர் வரும் மாதம், நின்றுபோகும் மாதம், கரையில் நிற்கும் கோயிலோ மரமோ, கடைசியாகக் கரை கடந்த ஆண்டு, அதைச் சொன்னவர் யார் என்பன அப்பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிக் குறிப்பே மிக இன்றியமையாதது. வார்டும் கானரும் மலையேறிய காலத்தில் விடுபட்டுப் போனது அதுவே. சொன்னவர் விரும்பினால் பெயரையும், விரும்பாவிடில் அவர் செய்த தொழிலையும் எழுதலாம்.

சொல்லத்தக்கவர்கள் இன்னும் இருக்கின்றனர். முதுவர் குடிகளில் முதியோர் உள்ளனர். ஏலத்தோட்டங்களுக்கு ஐம்பது ஆண்டுகளாக ஏறி இறங்கும் பெண்கள் உள்ளனர். ஆட்டுக்கிடை போடுவோரும் கண்மாய் மடை திறப்போரும் உள்ளனர். அவர்களுள் பலருக்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. மலைக்கு ஜீப் போகத் தொடங்கிய பின் பிறந்தவர்களுக்கு ஒற்றையடிப் பாதை தெரியாது. பாதை தெரியாதபோது ஊற்றின் பெயரும் தேவைப்படாது. தேவைப்படாத சொல் ஒரு தலைமுறைக்குள் மறையும் என்பது மொழி வரலாறு கற்பித்த பாடம்.

முன்பு இத்தகைய பணிக்குச் சட்டத் தடைகளும் இருந்தன. விரிவான நிலப்படங்கள் எளிதில் கிடைப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனிவரிசைப் படங்களை வகுத்தது. 2017 முதல் அவற்றை இலவசமாகவே பெற முடிந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், இந்தியர் படம் வரைவதற்கு முன்னனுமதி பெற வேண்டிய நிலையைப் பெரிதும் நீக்கின. தாள் கிடைக்கிறது, வரைய உரிமையும் கிடைத்தது. எஞ்சியது நடப்பதும் கேட்பதும் எழுதுவதுமே.

இப்பணியைப் பொறியாளரிடம் விடாமல் கவிஞரிடம் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. பொறியாளர் அளவில் தவறார். ஆனால் ஒரு கிழவி ஓர் ஓடைக்கு மூன்று பெயர் சொன்னால், மூன்றும் ஏன் என்று கேட்கும் பொறுமை சொல்லோடு பழகியவருக்கே வாய்க்கும். மலையேறும்போது ஒரு பெயர், இறங்கும்போது ஒரு பெயர், வெள்ளம் வந்தால் ஒரு பெயர் என அவள் விளக்கம் தரக்கூடும். அந்த மூன்றாம் பெயரில்தான் பொழுது இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்பவர் வெறும் பட்டியல் தயாரிப்பவர் ஆகார். நிலத்தோடு பொழுதைச் சேர்த்து முதற்பொருளை நிறைவாக்குபவர் ஆவார். பின்னால் வரும் கவிதைக்கு அதைவிட நல்ல உரமில்லை.

58 எஃப்/8 தாளின் விளிம்பில் ஒரு கருங்கோடு வந்து நின்றுவிடுகிறது என்று கொள்க. அது 58 ஜி/5 தாளில் தொடரும். தாள் தெற்கே இல்லாதவர்க்கு ஓடை அங்கேயே முடிந்தது. ஓடை முடியவில்லை என்பது அதன் கரையில் உழுபவருக்குத் தெரியும். வரும் ஐப்பசியில் முதல் நீர் இறங்கும்போது, அந்த உழவரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதுவதிலிருந்து பெயரேடு தொடங்கலாம்.